லூபிங்கோவின் கட்டைவிரல்

இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிற நர்ஸ் நான். இத்தனை வருஷமும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியாமல் இருந்திருக்கிறது என்பது போன செப்டம்பரில்தான் தெரியவந்தது. எங்கள் சுகாதார நிலையத்திலிருந்து நாலு பேரை வேனில் ஏற்றிப் பெல்கிரேடுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, திரையில் படம் போட்டுப் போட்டுப் பாடம் எடுத்தாள். பெற்றோர் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லையாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்கி, தெரியாததற்குக் கூட்டிப்போக வேண்டுமாம். வாயால் சொன்னால் போதாது, அவர்கள் கையாலேயே செய்யவைக்க வேண்டுமாம். சரியாகச் செய்தால் அந்த நிமிஷமே பாராட்ட வேண்டுமாம். கடைசியில், கற்றதை அவர்களுடைய சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டுமாம்.

அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கத்திக்கொண்டிருந்தேன். "தலையப் பிடி, தலையப் பிடி!" என்று என் குரலில் கத்தினால் எந்தத் தாயும் தலையைப் பிடித்துவிடுவாள். இது எந்தக் கொள்கையிலும் சேராது என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடும் சரியில்லை. ஆனாலும் சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கொள்கைகளைப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு முதலில் வாய்த்தவன் லூபிங்கோ. மொராவா ஆற்றங்கரையில் முட்டைக்கோஸ் போடுகிறவன். வயது முப்பத்தெட்டு, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, முறம் அகலத்துக்கு உள்ளங்கை. அவனுக்கும் நெவென்காவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நடுவில் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இந்த அக்டோபரில் மூன்றாவது தங்கி, ஆனால் ஒரு மாதம் முந்திக்கொண்டு, வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. பெண் குழந்தை. யாக்லிகா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம்.

குழந்தை தேறிவிட்டது. தாய்தான் தேறவில்லை. தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, காய்ச்சல் இறங்காமல், இன்னும் இரண்டு வாரம் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதற்குள் குழந்தைகள் வார்டில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தலைமை நர்ஸ் ஸ்தானிஸ்லாவா, நல்லபடியாக இருக்கிற குழந்தைகளை எல்லாம் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்தாள். எனக்கு ஃபோன் வந்தது.

"தேசாங்கா, அந்தக் கோஸ்காரன் அஞ்சு நாளா கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிக்கிறான். உள்ள வந்து பிள்ளையத் தொடுய்யான்னா பின்னாலயே போறான். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். என் கண்ணு முன்னால எல்லாத்தையும் செஞ்சு காட்டினா பிள்ளையக் கொண்டுபோகட்டும். இல்லேன்னா அம்மா எழுந்திரிக்கிறவரை நகரத்துல இருக்கிற குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

அவனுடைய அம்மா உயிரோடு இல்லை. நெவென்காவின் அம்மா வியன்னாவில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு முன் வர முடியாது. ஆக, பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை வீட்டுக்கு வருமா, முன்பின் தெரியாத கட்டிலுக்குப் போகுமா என்பது லூபிங்கோவின் இரண்டு கைகளில் இருந்தது. எனக்குத் திங்கள், புதன் இரண்டு நாள் கிடைத்தன.

திங்கட்கிழமை காலையில் போனேன். சுகாதார நிலையத்தில் பயிற்சிக்கு ஒரே ஒரு பொம்மைதான் உண்டு. அதற்குக் கழுத்து உடைந்து இரண்டு வருஷமாகிறது. தலையை ஒரு கையிலும் உடம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டுதான் கழுத்தைத் தாங்குவது எப்படி என்று நாங்கள் சொல்லிக்கொடுத்து வந்தோம். லூபிங்கோ அதைப் பார்த்தால் ஊரைவிட்டே ஓடிவிடுவான் என்பதால் எடுத்துப்போகவில்லை. முற்றம் முழுக்கக் கோஸ் குவிந்து கிடந்தது. சமையலறையில் உட்காரவைத்து, விருந்தாளிக்கு வைக்கிற வழக்கப்படி ஒரு ஸ்பூன் பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தான்.

நான் பயிற்சியில் சொன்னபடியே ஆரம்பித்தேன். "சரி, லூபிங்கோ. உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு சொல்லு."

"கோஸ் தெரியும், சிஸ்டர்."

"குழந்தையப் பத்தி."

யோசித்தான். "கோஸ் தெரியும், சிஸ்டர்."

தெரிந்ததிலிருந்துதானே தொடங்க வேண்டும்? முற்றத்துக்குப் போய் நாலைந்து கோஸைத் தராசில் போட்டுப் பார்த்தேன். சரியாக இரண்டு கிலோ முந்நூற்றைம்பதுக்கு ஒன்று அகப்பட்டது. அதைத் துண்டில் சுற்றி, எடை கூடாமல் ஒரு தொப்பியும் போட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு உள்ளே கொண்டுவந்தேன். "இதுதான் உன் பொண்ணு. வாங்கிக்கோ."

வாங்கினான். ஒரு தடவை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். தொப்பியை விலக்கி, உச்சியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். முகம் தெளிந்தது. அன்றைக்கு முதல்தடவையாக திடமான குரலில் சொன்னான்.

"நல்லா இறுகியிருக்கு, சிஸ்டர். அறுத்துடலாம்."

அவன் வலது கை இடுப்பில் இருந்த கத்திக்குப் போய்விட்டது. இருபத்தாறு வருஷத்தில் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொன்ன தகப்பனை நான் கண்டதில்லை. கத்தியைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

"இங்க பாரு. பிள்ளைக்கு உச்சியில எலும்பு இன்னும் மூடியிருக்காது. தோலுக்குக் கீழ மெத்துனு இருக்கும். உச்சிக்குழின்னு பேரு. இந்த விரல அங்க வச்சு நீ அழுத்தினேன்னு வையி..."

மேலே சொல்லத் தேவை இருக்கவில்லை. அவன் முகம் மேஜைமேல் இருந்த கோஸைவிட வெளுத்துவிட்டது.

"அதான் சிஸ்டர் நான் தொடல," என்றான் மெதுவாக. "எட்டு வயசுலேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் கோஸை அழுத்திப் பாக்கிற விரல் இது. நான் சொல்றதக் கேக்காது. உருண்டையா எதப் பாத்தாலும் போய் அழுத்தும். எங்க சர்ச் பாதிரியாரு வழுக்கை. கல்யாணத்தன்னிக்கு அவரு குனிஞ்சப்ப..."

"அழுத்திட்டியா?"

"நெவென்கா கையப் பிடிச்சுட்டா."

இப்போதுதான் விஷயம் புரிந்தது. அவனுக்குத் தெரியாதது பிரச்சினை இல்லை. தெரிந்ததுதான் பிரச்சினை. தெரிந்ததை மறக்கவைப்பது எப்படி என்று அந்தப் பெண் திரையில் எதுவும் காட்டவில்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

சரி, மற்றதையாவது பழக்குவோம் என்று கோஸை வைத்துத் தொடங்கினோம். தண்டுதான் கழுத்து என்று முடிவு செய்துகொண்டோம். அதற்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினான். நன்றாகவே தூக்கினான். உடனே பாராட்ட வேண்டுமே. "அருமை, லூபிங்கோ!" என்றேன்.

தூ, தூ, தூ என்று கோஸ்மேல் மூன்று தடவை துப்பிவிட்டு, மேஜையின் மரத்தை முட்டியால் தட்டினான்.

"என்னடா இது?"

"நல்லாருக்குன்னு சொல்லாதீங்க, சிஸ்டர். கண்ணு படும்."

"கோஸுக்கா?"

"யாருக்குப் படும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

டயப்பர் கட்டினான். பாராட்டினேன். துப்பினான். பால் புட்டியைச் சாய்த்துப் பிடித்தான். பாராட்டினேன். துப்பினான். ஒரு மணி நேரத்தில் துண்டு நனைந்துவிட்டது. பாராட்டவும் வேண்டும், துப்பவும் கூடாது என்றால் என்ன வழி? எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் கண் படாமலிருக்க என்ன செய்வார்களோ அதையேதான் நானும் செய்தேன்.

"சீ, எவ்வளவு அசிங்கமா கட்டியிருக்க டயப்பர!" என்றேன்.

அவன் முகம் பூரித்துப்போனது. "நெசமாவா, சிஸ்டர்?"

"இவ்வளவு கேவலமா பிள்ளையத் தூக்கிற ஆம்பிளைய நான் ஜென்மத்துல பாத்ததில்ல."

அதற்குப் பிறகு பாடம் மளமளவென்று போனது. நடுவில் பக்கத்து வீட்டு விதோசாவா எட்டிப் பார்த்தாள். அறுபது வயது, தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட முடியாது. லூபிங்கோ துணிப்பொட்டலத்தை மார்போடு அணைத்திருப்பதைப் பார்த்ததும், "வந்துட்டாளா! ஐயோ, அசிங்கமே, தூ தூ!" என்று ஓடிவந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள்.

"இது கோஸுடா."

"ஆமா, அக்கா."

"சரி விடு, முதல் வாரம் எல்லாம் இப்படித்தான் இருக்கும்," என்றாள். கொண்டுவந்த பின்னல் காலுறையைக் கோஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரெதிரே இரண்டு ஜன்னலும் திறந்திருப்பதைக் கண்டு, "குறுக்குக் காத்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நீயெல்லாம் ஒரு நர்ஸா?" என்று என்னைத் திட்டி, இரண்டையும் சாத்திவிட்டுக் காபி போடச் சொன்னாள்.

கட்டைவிரல் மட்டும் வழிக்கு வரவில்லை. நாலு நிமிஷத்துக்கு ஒருதடவை அது தானாக உச்சிக்குப் போனது. பேண்டேஜ் சுற்றினேன். பேண்டேஜோடு அழுத்தியது. விதோசாவா, தைக்கும்போது விரலில் மாட்டுகிற உலோகக் குப்பியை அவன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தாள். அது கோஸில் பள்ளம் போட்டது. கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டபோதுதான் வழி தென்பட்டது. நாங்கள் சிலுவை போடுவது மூன்று விரலைச் சேர்த்து. கட்டைவிரல் மற்ற இரண்டோடு சேர்ந்து நின்றாக வேண்டும். சேர்த்து வைத்தால் அது தனியாக எங்கே போகும்?

"லூபிங்கோ, அழுத்தணும்னு தோணினதும் சிலுவை போட்டுக்கோ. அழுத்தாத. கண்ணால மட்டும் பாரு, அப்புறம் சிலுவை போடு."

அவன் செய்துபார்த்தான். விரல் கட்டுப்பட்டது. அந்தக் கோஸுக்கு முன்னால் அவன் பதினைந்து நிமிஷத்தில் பதினொரு தடவை சிலுவை போட்டான். விதோசாவாவும் அவனோடு சேர்ந்து போட்டாள், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று.

புதன்கிழமை நான் போனபோது வீட்டில் ஆள் இல்லை. தோட்டத்தில் அறுவடை. ஊறுகாய் ஆலைக்குக் கோஸ் ஏற்ற டிராக்டரோடு டிரெய்லர் நின்றது. வழக்கமாக இந்த வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவன் அறுப்பான், ஒருவன் எறிவான், டிரெய்லரில் நிற்கிறவன் பிடிப்பான். கோஸ் வானத்தில் பறந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு ஒன்றும் பறக்கவில்லை. ஏழு ஆண்பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒவ்வொரு கோஸையும் தண்டுக்குக் கீழே கை கொடுத்து, மார்போடு அணைத்து, அடுத்தவன் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கம்பளி விரித்திருந்தது. லூபிங்கோ வரப்பில் நின்று மேற்பார்வை செய்தான்.

"தலை, தலை! ஸ்ரேதென், தலையத் தாங்கு!"

ஸ்ரேதென் பக்கத்துத் தோட்டக்காரன், யாக்லிகாவுக்கு ஞானத்தகப்பனாகப் போகிறவன். என்னைக் கண்டதும் கையில் கோஸோடேயே ஓடிவந்தான்.

"சிஸ்டர், நீங்கதான் இவன இப்படிப் பண்ணீங்களாமே! காலையிலேர்ந்து ஒரு டிரெய்லர் நிறையல. எல்லாத்தையும் மல்லாக்கப் படுக்கவைக்கணுமாம். குப்புறப் படுத்தா மூச்சு முட்டிடுமாம். நானும் கேக்கறேன், கோஸுக்கு முதுகு எதுடா?"

"தொப்புளுக்கு எதிர்ப்பக்கம்," என்றான் லூபிங்கோ.

"தொப்புள் எது?"

அந்த ஏழு பேருக்குள்ளும் அது சண்டையாகிவிட்டது. தண்டு கழுத்து என்றால் கால் எங்கே என்று ஒருவன் கேட்டான். தண்டுதான் தொப்புள்கொடி, தாயிடமிருந்து அறுத்த இடம் அதுதானே என்றான் இன்னொருவன், ஐந்து பெண் பெற்றவன். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு டிரெய்லரில் இருந்த இருநூறு கோஸையும் புரட்டிப் போட ஆரம்பித்தார்கள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கற்றதை வேறு இடத்தில் பொருத்திப் பார்ப்பதுதான் கல்வியின் உச்சம் என்று பயிற்சியில் சொன்னார்கள். இது எந்த இடம் என்று சொல்லவில்லை. ஆனால் அவனைப் பார்க்கப் பார்க்க மனசு என்னவோ செய்தது. வார்டுக்குப் போக வேண்டிய பயத்தை எல்லாம் அவன் இந்தத் தோட்டத்திலேயே செலவழித்துத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"தினமும் போறேன், சிஸ்டர். கண்ணாடி வழியா உச்சியத்தான் பாக்கறேன். நீங்க சொன்ன மாதிரி, பாக்கறேன், சிலுவை போடறேன். நேத்து ரொம்ப நேரம் போட்டேன் போல. கூட்டற அம்மா வந்து தோளத் தட்டி, 'எப்பப்பா போச்சு?'னு கேட்டு அழுதுட்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அவன் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். காரின் முன்சீட்டில் குழந்தையைக் கட்டிக்கொண்டுபோகும் இருக்கையை நானே பொருத்தியிருந்தேன். ஒரு மாடி கீழே படுத்திருந்த நெவென்காவிடம் சொல்லிவிட்டு வந்தோம். அவளுக்குக் காய்ச்சல் நூற்றொன்று. புருஷனின் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இத வச்சுக்கிட்டு ஜாக்கிரதையா இருடா," என்று மட்டும் சொன்னாள்.

ஸ்தானிஸ்லாவா படிவத்தோடு காத்திருந்தாள். மூன்று நோயாளிக் குழந்தைகளோடு இரவு முழுக்கப் போராடிக் கண் சிவந்திருந்தது. அவளும் எனக்கு முந்தைய மாதம் அதே பயிற்சிக்குப் போனவள். ஆகவே பாராட்டுவாள் என்று எனக்குத் தெரியும், லூபிங்கோவை எச்சரித்திருந்தேன்.

யாக்லிகாவை அவன் கையில் கொடுத்தாள். பத்து நாளில் முதல்தடவை. கழுத்துக்குக் கீழே கை போனது, மார்போடு அணைத்தது. அவன் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

"மிக நன்று, அப்பா," என்றாள் ஸ்தானிஸ்லாவா.

லூபிங்கோவின் கன்னம் உப்பியது. என்னைப் பார்த்தான். நான் முறைத்தேன். எச்சிலை விழுங்கிக்கொண்டான். மல்லாக்கப் படுக்கவைத்தான். மிக நன்று. விழுங்கினான். புட்டியைப் பிடித்தான். குழந்தை இரண்டு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக்கொண்டது. மிக நன்று. விழுங்கினான். டயப்பரைப் பிரித்தான். சுத்தமாக உலர்ந்திருந்தது.

"இது எப்ப கட்டினது, சிஸ்டர்?" என்று ஸ்தானிஸ்லாவாவைக் கேட்டான்.

"காலையில ஆறு மணிக்கு. ஏன்?"

அவன் அந்த உலர்ந்த டயப்பரைக் கையில் எடை பார்த்தான். புதியதைக் கட்டினான்.

"சரி, இப்ப ஒரு கேள்வி," என்றாள் ஸ்தானிஸ்லாவா. "எப்பல்லாம் குழந்தைய உடனே தூக்கிட்டு எங்ககிட்ட வருவீங்க? உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

"மேலிலை மஞ்சளாச்சுன்னா வருவேன்," என்றான். "குவியலுக்கு நடுவுல சூடேறுனா வருவேன். பனி அடிச்ச மாதிரி ஜில்லுன்னு ஆனாலும் வருவேன். கிள்ளி விட்ட இலை பழையபடி நிமிரலேன்னா வருவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை நனையலேன்னா வருவேன். தண்ணி பத்தலேன்னா உச்சி உள்வாங்கும், அப்ப நிக்காம ஓடி வருவேன்."

ஸ்தானிஸ்லாவா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "தேசாங்கா, இதுல எதுவும் தப்பு இல்லையே?"

"ஒண்ணும் இல்ல," என்றேன். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. எழுத்து எழுத்தாகக் கொள்கைப்படி நடந்திருந்தது.

மிச்சம் இருந்தது குளிப்பாட்டுவது மட்டும். படிவத்தில் பாதிக் கையெழுத்தை அவள் போட்டேவிட்டாள். வீட்டுக்குப் போவதற்காகக் குழந்தைக்குப் போட்டிருந்த தொப்பியை அவன் கழற்றினான். கட்டைவிரல் கிளம்பியது. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். மூன்று விரலும் சேர்ந்தன. ஆனால் கை நெற்றிக்குப் போகவில்லை. நடுவழியில் நின்றுவிட்டது.

"சிஸ்டர்," என்றான். "உச்சி குழிஞ்சிருக்கு."

"குழிதான் இருக்கும், அதுக்குப் பேரே உச்சிக்குழி," என்று நான் அவசரமாகச் சொன்னேன். இதைச் சொன்ன வாயை இப்போதும் அறையத் தோன்றுகிறது.

"இல்ல சிஸ்டர். நேத்து சாயங்காலம் இப்படி இல்ல. பத்து நாளா அதத்தான பாத்துட்டிருக்கேன். இது வாட்டம்."

ஸ்தானிஸ்லாவா பேனாவை வைத்துவிட்டு வந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். அது மெதுவாகத்தான் திரும்பியது. அந்த நேரம் பார்த்து யாக்லிகா முனகினாள், இப்போதுதான் கட்டிய டயப்பரில் தண்ணீராகப் போய்விட்டது. அடுத்த இரண்டு நிமிஷத்தில் அறைக்குள் நாலு பேர் இருந்தார்கள். நோய் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது, அப்போதுதான், விடிந்த பிறகு. இந்த எடைக்கு அரை நாள் கவனிக்காமல் விட்டாலே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். காலில் ஊசி ஏற்றித் தண்ணீர் போட்டார்கள்.

நாங்கள் கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டோம். அவன் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிள்ளை காரில் இருந்திருக்கும், நான் சந்தோஷமாகக் கையசைத்திருப்பேன். எனக்குச் சர்டிபிகேட் இருந்தது, இருபத்தாறு வருஷம் இருந்தது, கண் இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

"கொண்டுபோக வந்தேன்," என்றான். "நானே சொல்லி விட்டுட்டுப் போறேன். இதுக்கு என்ன பாடம், சிஸ்டர்?"

"இதுக்கு எங்ககிட்ட பாடம் இல்ல, லூபிங்கோ."

அங்கேயே நிற்கிறேன் என்றான். நோய் பரவுகிற வார்டு, யாரும் நிற்கக் கூடாது என்று ஸ்தானிஸ்லாவா எங்கள் இருவரையும் படி இறக்கிவிட்டாள். ஏதாவது தெரிந்தால் ஃபோன் செய்வதாகச் சொன்னாள். காரில் ஏறினோம். காலியான அந்த இருக்கையின் பெல்ட்டை அவன் போட்டான். இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஒவ்வொரு குழியையும் பார்த்து ஓட்டினான். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

தெருமுனை திரும்பியதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவோம் என்று ஸ்ரேதெனிடம் சொல்லியிருந்தான். அவன் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான்.

வாசலில் நாற்பது பேர். மூன்று ட்ரம்பெட், ஒரு பெரிய மேளம். காரைக் கண்டதும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். லூபிங்கோ இறங்கிக் கையைத் தூக்கினான். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் பிள்ளை வந்தால் தகப்பன் சட்டையைக் கிழித்தாக வேண்டும். தாய் தேறாததால் பத்து நாளாகத் தள்ளிப்போட்டிருந்த கிழிப்பு. ஸ்ரேதென் பாய்ந்து கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகக் கிழித்தான். ஐந்து பெண் பெற்றவன் முதுகைக் கிழித்தான். விதோசாவா மட்டும்தான் காருக்குள் எட்டிப் பார்த்தவள்.

"பிள்ளை எங்கடா?"

மேளம் முதலில் நின்றது. ட்ரம்பெட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு ட்ரம்பெட்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார்.

"அவ வரல," என்றான் லூபிங்கோ. அரைச்சட்டையோடு நின்றான். "வயித்தால போகுது. உச்சி உள்வாங்கிடுச்சு. தண்ணி ஏத்திட்டிருக்காங்க."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. தோட்டத்தில் இரண்டு நாளாக அவனிடம் பாடம் கேட்டவர்கள் அவர்கள். ஸ்ரேதென் கையில் இருந்த சட்டைத் துண்டைச் சுருட்டிக்கொண்டே, "நனைச்சாளா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"நனைக்கணும்," என்றான் ஐந்து பெண் பெற்றவன்.

"நனைச்சாத்தான்," என்றார்கள் பின்னாலிருந்து.

அத்தனை பேரும் வாசலிலும் கோஸ் குவியல்மேலும் உட்கார்ந்தார்கள். இசைக்காரர்கள் போவதா இருப்பதா என்று தெரியாமல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். விதோசாவா காபி போட்டுக்கொண்டே இருந்தாள். நான் போக வேண்டிய வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன, போகவில்லை. நாற்பது வளர்ந்த மனிதர்கள் வாய் பேசாமல் ஒரு பச்சைப் பிள்ளை மூத்திரம் போவதற்காகக் காத்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் பிரார்த்தனை செய்தேன், வேறு எதற்கும் இல்லை, அதற்குத்தான்.

இரண்டே காலுக்கு ஃபோன் அடித்தது. நெவென்கா. யாரோ அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவள் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நனைச்சுட்டா! லூபிங்கோ, டயப்பர் கனக்குதுடா!"

அவன் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். மேளக்காரர் எழுந்து நின்று ஒரே அடி அடித்தார். ட்ரம்பெட்டுகள் பின்னால் வந்தன. மிச்சம் இருந்த ஒரு சட்டைக் கையையும் ஸ்ரேதென் கிழித்தெடுத்தான். லூபிங்கோ அழுதான், நானும் அழுதேன், விதோசாவா என்னைப் பிடித்து இழுத்து ஆடவைத்தாள். பிறகு திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினாள்.

"ஒண்ணுதான் ஆச்சு," என்றாள். "ஆறு நனையணும்."

அது சரிதான். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.